நீரா மாத்தூர் தீர்ப்பு: கொண்டாடாமல் விட்ட பத்தி

வேலைக்குச் சேர வரும் பெண்ணிடம் மாதவிடாய் பற்றிக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு எது என்றால் எல்லோரும் நீரா மாத்தூர் வழக்கைத்தான் சொல்வார்கள். மகளிர் தினக் கட்டுரைகளில் தவறாமல் வரும். சட்டக் கல்லூரிக் கையேடுகளில் அந்தரங்க உரிமை என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் பிழை இல்லை. ஆனால் தீர்ப்பு அந்த ஒரு வரியோடு முடியவில்லை. மொத்தமே சில பக்கம்தான், ஒரு காபி குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். அதற்குள் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு பத்தி இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் பயிற்சியாளரை வெளியே நிறுத்துகிற வேலை இன்றைக்கும் எப்படிக் கூச்சமே இல்லாமல் நடக்கிறது என்று புரிந்துகொள்ள அந்தப் பத்தி போதும் என்பது என் கட்சி.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்ஐசியில் உதவியாளர் வேலை. எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து 1989 மே 25 அன்று ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். அன்றைக்கே எல்ஐசியின் பட்டியலில் இருந்த பெண் மருத்துவர் பரிசோதித்து, உடல் தகுதி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். பிறகு குறுகிய காலப் பயிற்சி. பயிற்சியை முடித்த பிறகு செப்டம்பர் 25 தேதியிட்ட பணி ஆணை, 6 மாதத் தகுதிகாண் பருவம். டிசம்பர் 9 முதல் விடுப்பு. 1990 ஜனவரி 11 அன்று குழந்தை பிறக்கிறது. பிப்ரவரி 13 அன்று, குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது, வேலையிலிருந்து விடுவித்து ஆணை வருகிறது. ஆணையில் காரணம் எதுவும் இல்லை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுதான் வழக்கம்.

டெல்லி உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் எல்ஐசி தன் காரணத்தை எடுத்து வைத்தது: படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியை இந்தப் பெண் மாற்றிச் சொல்லிவிட்டார், அது பொய்த் தகவல். அதாவது பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஜனவரி 11-லிருந்து 40 வாரம் பின்னால் போனால் மே 25 அன்று ஏழு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் உட்கார்ந்து நாள் எண்ணியிருக்கிறது என்று படிக்கும்போது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தப் படிவத்தில் இருந்த கேள்விகளும் அப்படித்தான்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, எத்தனை முறை கருத்தரித்தது, எத்தனை முழு மாதம் வரை போனது.

1991 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு. ஆணை ரத்து, மறுபடி வேலை. இதில் நீதிமன்றம் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். காரணம் சொல்லாத ஆணை என்று அதை அப்படியே விட்டுவிடவில்லை. அவர் வேலையில் குறை இருந்ததாக ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா என்று பார்த்தது, இல்லை என்றதும் உண்மையான காரணம் அந்தப் படிவம்தான் என்று முடிவுக்கு வந்தது. சாதுவாகத் தெரியும் ஆணைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம் தகுதிகாண் பருவ வழக்குகளில் பெரிய விஷயம்.

இனி அந்தப் பத்தி. கேள்விகள் சங்கடமானவை, அவமானப்படுத்துபவை என்றே சொல்லலாம். ஒரு பெண்ணின் நாணமும் சுயமரியாதையும் இதற்கெல்லாம் பதில் சொல்ல விடாது. இந்தக் கட்டங்களை எல்ஐசி நீக்கிவிடுவது நல்லது. இதுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு அடுத்தாற்போல நீதிமன்றம் சொல்வதன் சாரம் இது: வேலைக்குச் சேரும்போதே கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பும் பலனும் மறுப்பதற்காகத்தான் இந்தப் படிவம் என்றால், அப்படி மறுப்பது சட்டப்படி செல்லுமா என்று நாங்கள் கருத்துச் சொல்லவில்லை, ஏனென்றால் அதை யாரும் எதிர்த்து வழக்காடவில்லை. எல்ஐசி வேண்டுமானால் அந்தப் பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம், கர்ப்பப் பரிசோதனையும் அதில் சேரும்.

திரும்ப ஒருமுறை படியுங்கள். கேட்பதுதான் தப்பு. ஊசி குத்தியோ சிறுநீர் எடுத்தோ கண்டுபிடித்துக்கொண்டால் தப்பில்லை. கண்டுபிடித்த பிறகு வெளியே நிறுத்தலாமா என்பதுதானே கேள்வி? அதைத் தொடாமல் மடித்து வைத்துவிட்டார்கள்.

வாதாடப்படாத விஷயத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு வக்கீல் நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயம்தான். அப்படியானால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்ற யோசனையை மட்டும் ஏன் வாங்காமலே கொடுத்தார்கள்? அதையும் யாரும் கேட்கவில்லையே.

என் குறை இதற்கும் கொஞ்சம் கீழே இருக்கிறது. அந்தப் பெண் ஜெயித்தது நாணத்தின் பேரில். சமத்துவத்தின் பேரில் அல்ல. இது 1991-ல் புதிதாக வந்த பழக்கம் இல்லை. அதற்கு 10 வருஷம் முன்னால், 1981-ல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு. நர்கேஷ் மீர்சா வழக்கு என்று பெயர். முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. என்ன சொல்லி? இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று சொல்லி. அதே தீர்ப்பில் பாலின பேதம் என்ற வாதம் எடுபடவில்லை. அரசியலமைப்பு தடுப்பது பால் என்ற ஒரே காரணத்துக்காகக் காட்டும் பேதத்தை. அதோடு வேறு காரணங்களும் சேர்ந்துவிட்டால் அது வேறு கதை என்று போய்விட்டது. சேர்ந்து முதல் 4 வருஷம் கல்யாணம் கூடாது என்ற விதியையோ சரி என்றே விட்டுவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று செலவு. பணிப்பெண்கள் ஆரம்பத்திலேயே கல்யாணம் கட்டிக் கருத்தரித்தால் அவர்கள் இடத்துக்குத் தற்காலிக ஆள் எடுக்க நிறுவனத்துக்குப் பெரும் செலவாகுமாம்.

பெண்மை, மானம், நாணம். ஜெயிக்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரியாதையோடு, ஒரு வார்த்தை தப்பாகப் பேசாமல், நாகரிகமாக வெளியே நிறுத்தினால் இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்படி ஒரு நாகரிகமான முறை வந்தும்விட்டது. 2021 டிசம்பர் 31 தேதியிட்டு ஸ்டேட் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. புதிதாகத் தேர்வான பெண் 3 மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தால் தற்காலிகமாகத் தகுதியற்றவர், பிரசவமாகி 4 மாதத்துக்குள் வந்து சேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன்பு 6 மாதம் வரை நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2022 ஜனவரி 29 அன்று அந்தப் பகுதியை நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதம் கூட ஆகவில்லை, ஜூனில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் விதி செய்தியில் வந்தது. 12 வாரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் தற்காலிகமாகத் தகுதியற்றவர், பிரசவமாகி 6 வாரம் கழித்து மருத்துவச் சான்றோடு வரலாம். டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வங்கி தன் பக்கத்தில் பேதம் எதுவும் இல்லை என்று விளக்கம் சொன்னது.

இந்த அறிக்கைகளில் ஒரு கொச்சையான கேள்வி கிடையாது. மாதவிடாய் என்ற சொல்லே கிடையாது. மருத்துவர் பார்ப்பார், வாரம் எழுதுவார், அவ்வளவுதான். வங்கி அதிகாரிகள் 1991 தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தப் பத்தி காட்டிய வழியில்தான் இது போகிறது.

"வேலை போகவில்லையே, தள்ளித்தானே போகிறது, இதில் என்ன நஷ்டம்" என்று கேட்கலாம். கேட்கிறார்கள். பேட்ச் பேட்சாக ஆள் எடுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். பணிமூப்பு சேர்ந்த தேதியை வைத்து. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க இத்தனை வருஷம் என்பது அதே தேதியை வைத்து. தகுதிகாண் பருவம் முடிவது, இடமாற்றம் கேட்க முடிவது, சம்பள உயர்வு எல்லாமே அந்த ஒரு தேதியில் தொங்குகின்றன. பரீட்சையில் முதலிடம் வந்தவர் 8 மாதம் தள்ளிச் சேர்ந்தால் கடைசி ஆளுக்கும் பின்னால் நிற்பார், ஓய்வு பெறும் வரைக்கும்.

இதே கேள்வி இத்தாலியிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நாப்போலி வழக்கு, 2014 மார்ச் 6. சிறைக் காவல் துறையின் துணை ஆணையர் பணிக்குத் தேர்வான பெண்ணுக்கு 2011 டிசம்பர் 7 அன்று குழந்தை பிறக்கிறது, பயிற்சி டிசம்பர் 28 அன்று தொடங்குகிறது. இத்தாலியச் சட்டப்படி பிரசவம் ஆனதும் மகப்பேறு விடுப்பில் இருந்தே தீர வேண்டும். 30 நாள் வராததால் பயிற்சியிலிருந்து விலக்கி, சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த பயிற்சியில் சேர்த்துக்கொள்வோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். நம் வங்கிகள் சொன்ன அதே சமாதானம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எத்தனை நாள் தவறியது, தவறிய பாடத்தை ஈடுகட்ட வழி உண்டா என்று எதையும் பார்க்காமல் தானாகவே விலக்குவதும், அடுத்த பயிற்சி எப்போது வரும் என்றே தெரியாத நிலையில் விடுவதும் பெண்ணைச் சமமாக நடத்துவது ஆகாது என்றது. இங்கே யாரும் நாணத்தைப் பேசவில்லை. தேதியைப் பேசினார்கள். அங்கே 1990-லேயே டெக்கர் வழக்கில் அடிப்படையைப் போட்டுவிட்டார்கள்: கர்ப்பம் பெண்ணுக்கு மட்டுமே வரும், எனவே கர்ப்பத்துக்காக வேலை மறுத்தால் அது நேரடியான பாலின பேதம்தான், பக்கத்தில் ஓர் ஆணை நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை. நர்கேஷ் மீர்சா தீர்ப்பில் 'வேறு காரணங்களும் சேர்ந்தால்' என்று நழுவிப்போன இடம் இதுதான்.

கொஞ்சம் ஊர்ப் பக்கம் வருகிறேன். இந்தியன் வங்கி 1907-ல் தொடங்கியது. அதற்கு முந்தின வருஷம் ஆர்பத்னாட் கம்பெனி திவாலானதில் சூடுபட்டவர்கள், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நிற்க, நகரத்தார் முதலும் சேர்ந்து உருவானது. நான் இருக்கும் கண்டரமாணிக்கமும் நகரத்தார் ஊர்களில் ஒன்று. இந்த ஊர்களில் பெரிய வீடுகளையும் பர்மாத் தேக்கையும் பற்றி எழுதாதவர் இல்லை. அந்தப் பணத்தைச் சம்பாதித்த பயிற்சி முறையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர வேண்டும். எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே கணக்கு, வட்டி, கடிதம் எழுதும் முறை எல்லாம் பழக வேண்டும். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். (சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் படிகள் பழக்கமானவை.) பர்மா, மலேயா, இலங்கை என்று போனால் ஒரு தவணை 3 வருஷம். மனைவி ஊரில். குழந்தை பிறந்த சேதி கடிதத்தில்தான் போகும். அதனால் அடுத்தாள் மேலாளாவது ஒரு நாளும் தள்ளிப்போகாது.

அந்த முறையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சிக் காலம் என்ற ஒன்றை நாம் எந்த உடம்பை மனசில் வைத்துத் தைத்திருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன். மூன்று வருஷம் எதுவுமே நடக்காத உடம்பு. கடை போய் வங்கி வந்தது, பையன்கள் போய்ப் பெண்களும் வந்தார்கள், தவணை மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த 3 வருஷக் கணக்கு தமிழ்நாட்டில் இன்னோர் இடத்திலும் வந்தது, இன்னும் மோசமாக. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம். தென்மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை, பெரும்பாலும் தலித் பிள்ளைகளை, 'அப்ரண்டிஸ்' என்ற பெயரில் எடுத்து விடுதியில் வைப்பது, 3 வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. இடையில் போனால் தொகை இல்லை. 2011-லும் 2014-லும் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகள் வந்த பிறகுதான் இது வெளிநாட்டு ஆடை நிறுவனங்களுக்கு உறைத்தது. திட்டத்தின் பெயரையே பாருங்கள், கல்யாணத்துக்காகச் சேர்க்கும் பணம், ஆனால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இங்கே கர்ப்பப் பரிசோதனைக்கே வேலையில்லை, வாசலிலேயே வடிகட்டிவிடுகிறார்கள். 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களைத் தவிர்ப்பதாக ராய்ட்டர்ஸ் எழுதியபோதும் விஷயம் இதேதான். நிறுவனம் அதை மறுத்தது.

நூற்பாலைகள் அந்தப் பிள்ளைகளைத் தொழிலாளி என்று சொல்லாமல் அப்ரண்டிஸ் என்று ஏன் சொன்னார்கள்? இங்கேதான் சட்டப் புத்தகம் ஒரு வேடிக்கை காட்டுகிறது. மகப்பேறு நலச் சட்டம் 1961-ன் 53-ஆம் சட்டம். அதற்கு ஒரு எண் முன்னால், 52-ஆம் சட்டம், தொழிற்பழகுநர் சட்டம். இரண்டுக்கும் தேதி ஒன்றே, 1961 டிசம்பர் 12. ஒரே நாளில் ஒரு சட்டம் வேலை பார்க்கும் கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. பக்கத்து எண்ணில் இருக்கும் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டம் எதுவும் அவருக்குப் பொருந்தாது என்கிறது. இந்தச் சட்டத்தில் வேறு ஏற்பாடு சொல்லியிருந்தால் ஒழிய, என்று ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கின் வழியாக என்னென்ன உள்ளே வந்தன என்று தேடினேன். ஆலைப் பாதுகாப்பு வந்தது, 14-ஆம் பிரிவு. விபத்து நஷ்டஈடு வந்தது, 16-ஆம் பிரிவு. மிஷினில் கை போனால் பழகுநரும் தொழிலாளி மாதிரி. பிள்ளை பெற்றால் அப்படி ஒரு பிரிவு இல்லை.

அதே வருஷத்து மகப்பேறு சட்டத்திலும் ஒரு கணக்கு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். 1988-க்கு முன்னால் 160 நாளாக இருந்தது, அது குறைந்தது நல்லதுதான். எல்ஐசி வழக்கின் தேதிகளை இதில் போட்டுப் பார்த்தேன். பணி ஆணை செப்டம்பர் 25, விடுப்பு டிசம்பர் 9. எழுபத்தைந்து நாள். பயிற்சி நாட்களைச் சேர்த்தால் 80-ஐத் தாண்டும், சேர்க்காவிட்டால் தாண்டாது. தீர்ப்பு இந்தக் கணக்குக்குள் போகவில்லை. ஆனால் 'பயிற்சி வேலையா, இல்லையா' என்ற கேள்வி வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்று காட்ட இந்த ஐந்து நாள் போதும்.

இதெல்லாம் பழைய சட்டம், மாறிவிட்டது என்பார்கள். மாறியது எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். 1947-ன் தொழில் தகராறு சட்டத்தில் தொழிலாளி என்றால் பழகுநரும் அடக்கம், வெளிப்படையாகவே எழுதியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் 1961 சட்டப்படியான பழகுநர் அதிலிருந்து வெளியே. மகப்பேறு சட்டத்தை விழுங்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் ஊழியர் என்ற வரையறைக்குள் அவர் இல்லை.

சட்டத்தின் பாஷையில் பழகுநர் வேறு, தகுதிகாண் பருவத்தவர் வேறு. தெருவில் அந்த வித்தியாசம் கிடையாது. எல்லோரும் 'ட்ரெய்னி'தான். எங்கள் தெருவில் ஒரு பெண், பி.காம் முடித்துவிட்டு ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் ட்ரெய்னியாகச் சேர்ந்தாள். ஒரு வருஷப் பயிற்சி, முடிந்ததும் நிரந்தரம் என்று பேச்சு. ஆறாவது மாதம் கர்ப்பம் என்று மேலே சொன்னாள். ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம். "உங்களைப் போகச் சொல்லலையே மேடம், உடம்பப் பாத்துக்கங்க, அடுத்த பேட்ச்ல சேந்துக்கங்க." ஊக்கத்தொகை அந்த மாதத்தோடு நின்றது. அடுத்த பேட்ச் என்றால் மறுபடி நேர்காணல், மறுபடி முதல் நாளிலிருந்து. அவள் என்னிடம் கேட்டது: "அக்கா, நோட்டீஸ்கூடக் கொடுக்கலக்கா. எதைக் கொண்டுபோய் யார்கிட்ட காட்டுறது?"

அவளை யாரும் அவமானப்படுத்தவில்லை. யாரும் ஒரு படிவத்தை நீட்டவில்லை. 1991 தீர்ப்பை எடுத்துக்கொண்டு போனால் அவளுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்புகூட இல்லை.

முதலாளி தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது வெறும் கோஷம் ஆகிவிடும். 2017 திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரம், அதாவது அரை வருஷம். பல பயிற்சிகளே அவ்வளவு நீளம் இல்லை. பயிற்சிக்கு வராதவருக்குப் பயிற்சி முடித்தார் என்று சான்று தர முடியாது, அதுவும் சரி. அதோடு ஈஎஸ்ஐ வரம்புக்குள் வராத இடத்தில் விடுப்புக் காலச் சம்பளம் முழுவதையும் அந்த முதலாளிதான் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வைத்து நடத்தும் ஒருவருக்கு அது கனமான தொகை. பெண்களையே எடுக்காமல் இருந்தால் தேவலை என்று அவர் நினைப்பார், நினைக்கிறார். இதனால்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் வருஷத்து 183-ஆம் உடன்படிக்கை, அந்தச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டாமல் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுங்கள் என்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனை கேட்பதையும் அதே உடன்படிக்கை தடுக்கிறது, கர்ப்பிணிக்கு ஆபத்தான வேலை போன்ற சில விலக்குகளோடு. இந்தியா இதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. 1981-ல் விமான நிறுவனத்தின் செலவுக் கணக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் இன்றைக்குச் சின்ன முதலாளி போடும் கணக்கும் ஒரே கணக்குதான். அந்தக் கணக்கை மாற்றாமல் மனசை மாற்றிக்கொள்ளச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

நீதிமன்றங்கள் நின்ற இடத்திலேயே நிற்கவும் இல்லை. 2000-ல் டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கு மகப்பேறு பலன் உண்டு என்றார்கள். 2023-ல் ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பலன் தொடரும் என்றார்கள். 2024-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 13 வாரக் கர்ப்பிணி என்று திருப்பி அனுப்பப்பட்ட செவிலியரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது எங்கள் சிவகங்கைக்கும் சேர்த்து உயர் நீதிமன்றமான மதுரைக் கிளை 2025-ல் சொன்னது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை மேற்படிப்பு முடித்த மருத்துவர், 2 வருஷம் அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வருஷம் வேலை பார்த்தார், ஒரு வருஷம் மகப்பேறு விடுப்பு. விடுப்பைக் கணக்கில் எடுக்க முடியாது, மீதி ஒரு வருஷம் பார்த்தால்தான் அசல் சான்றிதழ்கள் என்றார்கள். நிரந்தர ஊழியர் இல்லை என்றாலும் மகப்பேறு உரிமை இவருக்கும் உண்டு, விடுப்புக் காலமும் பத்திரக் காலத்தில் சேரும், சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள் என்றது டிவிஷன் பெஞ்ச்.

நாணம், பெண்மை எதையும் நம்பாமல் நாளை எண்ணிச் சொன்ன தீர்ப்பு. அந்த ஒரு வருஷம் காணாமல் போகவில்லை, அது நடந்த வருஷம்தான் என்கிறது. எல்ஐசி வழக்கில் மடித்து வைத்த கேள்விக்கு இதுதான் பதிலின் ஆரம்பம். ஆனால் இது பத்திரம் எழுதிய மருத்துவருக்கு. இன்னும் ஒரு வருஷம் இங்கே இரு என்று கட்டாயப்படுத்திய அரசுக்கு எதிராக வந்தது. போய்விட்டு அடுத்த பேட்சில் வா என்று சொல்லும் இடத்தில் விடுப்பு நாளைப் பயிற்சி நாளாக எண்ணினால் மட்டும் போதாது, இடையில் நின்ற பயிற்சியை நின்ற இடத்திலிருந்து தொடரவும், முதலில் சேர்ந்த தேதியிலேயே பணிமூப்பைக் கணக்கிடவும் எழுத்தில் ஏற்பாடு வேண்டும். பயிற்சி ஆணையில் சேர்க்க வேண்டியது இரண்டு வரி. ஊக்கத்தொகை எவ்வளவு, சீருடை என்ன, லீவு சொல்லாமல் எடுத்தால் என்ன பிடித்தம் என்று நாலு பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் அந்த இரண்டு வரியை மட்டும் எழுதுவதில்லை.